ஆளைப் பார்த்து எரியும் விளக்கு

துணை சுகாதார நிலையக் குடியிருப்பு,
மொட்டைமரத்துக்கொட்டாய்,
பாப்பாரப்பட்டி வழி, தருமபுரி மாவட்டம்.
பிப்ரவரி 1, ஞாயிறு

ஓசூரில் மூன்றாம் மாடியில் தண்ணீர் மோட்டாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் போராடி வரும் என் மதிப்புக்குரிய அக்கா யுவராணி அவர்களுக்கு, தங்கை வெண்மதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். எடை ஐம்பத்தொன்று, ரத்த அழுத்தம் நூற்றுப்பத்துக்கு எழுபது, ஹீமோகுளோபின் பதினொன்றரை. எல்லாவற்றையும் நானே பார்த்து நானே குறித்துவைத்திருக்கிறேன், ஆகையால் 'நல்லா இருக்கேன்னு சும்மா சொல்லாதடி' என்று இந்தத் தடவை நீ சொல்ல முடியாது. அங்கு உன் நலமும், மாமாவின் முதுகு நலமும், பிள்ளைகளின் பரீட்சை நலமும் அறிய ஆவல்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு நீ கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்கிறாய். 'சாப்டியா? கதவு தாப்பாள் போட்டியா? தொணைக்கு யாராச்சும் இருக்காங்களா?' முதல் இரண்டுக்கும் ஆமாம் என்கிறேன். மூன்றாவதற்கு வாயெடுக்கும்போது உன் குக்கர் விசில் அடிக்கிறது, 'இருடி, இது எத்தனாவதுன்னு தெரியல' என்று ஓடிவிடுகிறாய். திரும்பி வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அம்மா போய், அதியமான்கோட்டை வீட்டைப் பூட்டிச் சாவியை நீ எடுத்துக்கொண்டு, நான் இந்த ஊருக்கு நர்ஸாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக மூன்றாவது கேள்விக்கு நான் பதிலே சொன்னதில்லை. கடிதத்தில் விசில் அடிக்காது. ஆகவே இது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில் என்று எடுத்துக்கொள்.

நீ கூரியரில் அனுப்பிய இடமாறுதல் விண்ணப்பம் கிடைத்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் மாமா பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார், ஊசி போடும் இடத்தைக் காட்டுவதுபோல. கூடவே நீ ஒரு துண்டுச் சீட்டில் 'பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கணுமாம். அங்க ஒண்டியாக் கெடந்து சாவாத, ஓசூர் பக்கம் வந்துடு' என்று எழுதியிருக்கிறாய். உன் அன்புக்கு நன்றி. ஆனால் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. நான் இங்கே ஒண்டியாக இல்லை. அதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, அதுவும் ஒரு இயந்திரம் கொடுத்த அத்தாட்சி.

விஷயம் இதுதான். தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊருக்கு ஏழு சோலார் தெருவிளக்கு வந்தது. கம்பத்தின் உச்சியில் தகடு, அதன் கீழே பேட்டரி, அதன் கீழே லைட்டு, ஒயரே கிடையாது. ஏழாவது கம்பத்தை என் குடியிருப்பு வாசலில் நட்டார்கள். என் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று நீ ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய், அதுவும் கிளம்பும் அவசரத்தில். ஊரின் கடைசி வீடு எதுவோ, அதற்கு அப்புறம் ஒரு தக்காளித் தோட்டம், தோட்டத்துக்கு அப்புறம் யாருக்குமே சொந்தமில்லாத கொஞ்சம் கல், கல்லுக்கு அப்புறம் நான். 'அத்தாந்தூரத்துல ஒரு கம்பமா' என்று ஊரில் முணுமுணுத்தார்கள். டீக்கடை சென்னப்பன், இந்த ஊரின் செய்தி நிலையம் அவர்தான், 'நர்சம்மா பேருலயே நெலா இருக்குது, அவுங்களுக்கு எதுக்குங்க லைட்டு?' என்று கேட்டாராம். பஞ்சாயத்துத் தலைவர் ஜானகியம்மாள்தான், 'ஆஸ்பத்திரி இருட்டா இருந்தா ஊருக்கே அசிங்கம்' என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

லைட்டு போட வந்தவர் பெயர் சிவக்குமார், பாலக்கோட்டுக்காரர், நல்ல பையன், ஆனால் வாயைத் திறந்தால் வினை. முதல் நாள் சாயங்காலம் ஊரே கூடி நிற்கிறது. லைட்டு எரிகிறது, ஆனால் ஊறுகாய் பாட்டிலுக்குள் வைத்த மெழுகுவத்தி மாதிரி மங்கலாக. 'இதுக்கா இத்தினி நாளாக் குழி தோண்டுனீங்க?' என்று எல்லாரும் கேட்க, சிவக்குமார் மைக்கை வாங்கி, பேட்டரி மிச்சம் பிடிக்க உள்ளே சென்சார் இருக்கிறது, யாரும் இல்லாதபோது மங்கலாக இருக்கும், கீழே ஆள் வந்தால் பிரகாசமாகும், அசையாமல் நின்றால் அரை நிமிஷத்தில் மறுபடி மங்கும் என்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், 'கவலப்படாதீங்க, இந்த லைட்டு ஆளைப் பாத்து எரியும்ங்க' என்று சொல்லித் தொலைத்தார்.

அவ்வளவுதான். கிணற்றுமேட்டுத் திருப்பத்தில் குடியிருக்கும் செல்லி முன்னால் வந்தாள். அறுபது வயது, மூன்று ஆடு, ஒரு மருமகள், ஊரில் யாருக்கும் பயப்படாத குரல். 'என்னாது, ஆளப் பாத்து எரியுமா? அப்ப எங்களப் பாத்தா எரியாதா? ரோடு போட்டீங்க, ஆளப் பாத்துப் போட்டீங்க. பைப்பு போட்டீங்க, ஆளப் பாத்துப் போட்டீங்க. இப்ப லைட்டுக்கும் கண்ணு வெச்சுட்டீங்களா?' பின்னால் இருந்த அவள் தெருப் பெண்கள் எல்லாம் 'ஆமா, கேளு செல்லி, கேளு' என்றார்கள். சிவக்குமார் பதறி, 'இல்லீங்கம்மா, யாரு வந்தாலும் எரியும்ங்க, ஆடு வந்தாக் கூட எரியும்ங்க' என்றார். 'ஆட்டுக்கு எரியும், எனக்கு எரியாது, அப்படித்தானே?' என்றாள் செல்லி. கடைசியில் ஜானகியம்மாள் செல்லியின் கையைப் பிடித்து ஏழு கம்பத்துக்கும் கூட்டிப்போய் ஒவ்வொன்றின் கீழும் நிறுத்திக் காட்டினார். ஏழும் எரிந்தன. ஏழாவது என் வாசல். ஊர்வலமாக அறுபது பேர் வந்தார்கள். அன்றைக்கு என் வாசலில் இருந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தேன், டம்ளர் போதாமல் மருந்து அளக்கிற குப்பியில்கூடக் கொடுத்தேன்.

அதிலிருந்து அந்த லைட்டுக்கு ஊரில் 'மூஞ்சி பாக்குற லைட்டு' என்று பெயர். பிடிக்காதவர் வந்தால் மங்கும் என்று பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். கடன் வாங்கியவர் வீட்டுப் பக்கம் மங்குவதாகவும், மருமகள் வந்தால் எரிவதாகவும் மாமியார் வந்தால் மங்குவதாகவும் சென்னப்பன் கடையில் தினம் ஒரு அறிக்கை வரும். உண்மை என்னவென்றால் அது யாரையும் வெறுப்பதில்லை. வந்தால் மலர்கிறது, போனால் வாடுகிறது. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இந்த ஊரில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிற வேறு எதையும் நான் அறியேன். என் வேலை அப்படி. 'மாத்திரை போட்டியா? எடை பாத்தியா? அடுத்த ஊசி எப்போ?' என்று நானும் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். எதிரே வரும் பெண்கள் என்னைத் தூரத்தில் கண்டதும் தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து ஒரு குரல், அந்த வீட்டுப் பெண்ணின் சொந்தக் குரலேதான், 'அவுங்க வூட்ல இல்லீங்க' என்கிறது. இதெல்லாம் எல்லா நர்ஸுக்கும் நடப்பதுதான். நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது அத்தாட்சிக்கு வருகிறேன். பொங்கல் கழிந்த வாரம், வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று செல்லி வீட்டுத் திருப்பத்தில் கம்பத்தை இடித்து, கம்பம் எட்டாக வளைந்து, லைட்டு வைக்கோலுக்குள் விழுந்து ஊரெல்லாம் ஊர்வலம் போனது. வைக்கோலுக்குள் ஆட்டம் இருந்ததால் அது வழியெல்லாம் நன்றாகப் பிரகாசமாக எரிந்ததாகக் கேள்வி. மறுநாள் அது அடியோடு அணைந்துவிட்டது. புதுசு இப்போதைக்கு வராது, இருக்கிற ஆறில் எங்கே ஆள் நடமாட்டம் குறைவோ அங்கிருந்து ஒன்றைப் பிடுங்கித் திருப்பத்தில் நடலாம் என்று ஜானகியம்மாள் முடிவு செய்தார். நியாயமான முடிவு. அந்தத் திருப்பம் மோசமானது. ஒரு பக்கம் பாழுங்கிணறு, ஒரு பக்கம் பள்ளம், செல்லியின் மருமகள் கவிப்பிரியா நிறைமாதம். அவள் புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்கிறான். எங்கே நடமாட்டம் குறைவு என்று கேட்டதும் ஊர் முழுக்க ஒரே மூச்சில் 'நர்சம்மா வூடு' என்றது.

என்னைக் கேட்காமலே அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

ஆனால் சிவக்குமார் வந்தாரே! 'அப்படி வாய்ல சொன்னா ஆவாதுங்க, ஒவ்வொரு லைட்டும் எத்தினி தடவ பிரகாசமாச்சுன்னு உள்ளயே பதிவாயிருக்கும், பாத்துட்டுத்தான் புடுங்கணும்' என்று ஒவ்வொரு கம்பத்தின் கீழும் நின்று போனில் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். குடியரசு தின கிராம சபையில் மைக்கில் வாசித்தார். கோயில் முனை, ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று. டீக்கடை, தொண்ணூற்று இரண்டு. பள்ளிக்கூடம், இருபத்தெட்டு. துணை சுகாதார நிலையம், நூற்று நாற்பத்தேழு.

தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. ஒரு குழந்தை மட்டும் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

'திரும்பப் படிங்க' என்றார் ஜானகியம்மாள். திரும்பப் படித்தார், நூற்று நாற்பத்தேழு. 'தெனமும் சாயங்காலம் ஆறே முக்கால்லருந்து எட்டரை வரைக்கும், வரிசையாங்க மேடம், முக்கால் நிமிஷத்துக்கு ஒருத்தரு' என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். சென்னப்பன் எழுந்தேவிட்டார். 'நூத்தி நாப்பத்தேழு பேரா? திருப்பதி கியூ கெட்டுது போங்க! என் கடையத் தாண்டித்தானுங்க போவணும். ஒருத்தனும் ஒரு டீ குடிக்கலியே!' ஜானகியம்மாள் என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான், 'யாருங்க நர்சம்மா அத்தினி பேரும்?' என்று கேட்டார். நான் எழுந்து, 'சளி, காய்ச்சல் சீசனுங்க' என்றேன். யார் யார் என்று சொல்லக்கூடாது, நோயாளிகள் விஷயம் ரகசியம் என்றும் சொன்னேன். அதற்குக் கைதட்டினார்கள், அக்கா. ஊரே கைதட்டியது. 'இப்படி ஒரு நர்ஸ் கெடைக்கறதுக்கு நாம குடுத்து வெச்சிருக்கணும்' என்று ஜானகியம்மாள் மைக்கில் சொன்னார். என் கம்பம் அங்கேயே இருக்கட்டும், பள்ளிக்கூடத்துக் கம்பத்தைப் பிடுங்கலாமா என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, திருப்பத்துக்கு இப்போதைக்கு லைட்டு இல்லை என்று முடிந்தது. செல்லி மட்டும் கைதட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் நடந்ததை எல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுநாள் மேலதிகாரி போன் செய்து, மாதம் நாலாயிரத்து நானூற்றுப் பத்து நோயாளி பார்க்கிறீர்களாமே, மகிழ்ச்சி, ரெஜிஸ்டரில் அறுபத்திரண்டுதான் இருக்கிறது, மீதிப் பேர் எங்கே என்று கேட்டார். வாய்ச் செய்தி ஐயா, ஊர்க்காரர்கள் அன்பில் கூட்டிச் சொல்கிறார்கள் என்றேன். அதற்கு மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, 'குவாட்டர் கெடைக்குங்களா?' என்று மெதுவாகக் கேட்டார்கள். நூற்று நாற்பத்தேழு பேர் போகிற இடத்தில் வேறு என்ன விற்பார்கள் என்று அவர்கள் யோசித்தது தப்பில்லை. ஆளுக்கு ஒரு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி அனுப்பினேன். பணிவாக வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுநாள் சென்னப்பன், அது ஆள் இல்லை, அந்தக் கல்லுமேட்டில் பழைய காலத்தில் யாரோ தொங்கினார்களாம், அதுதான் வந்து போகிறது என்று ஒரு புது அறிக்கை விட்டார். கடைசியில் மக்கள் கூடி, அது நாய் என்று தீர்மானித்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. நாய்தான். ஒரே நாய் தினமும் சாயங்காலம் வந்து சுற்றுகிறது.

ஆகவே, அக்கா, ஆளோ நாயோ, என் வாசலில் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு நடமாட்டம் இருக்கிறது என்பது இயந்திரத்தில் பதிவான உண்மை. உன் அபார்ட்மெண்டில் உன் கதவுக்கு முன்னால் ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்தேழு பேர் வருகிறார்களா? எதிர் ஃபிளாட்டில் யார் என்றே உனக்குத் தெரியாது என்று நீயே சொன்னாய். யார் ஒண்டி, யோசித்துப் பார். நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன், வெளிச்சம் இருக்கிறது, படிக்கப் பாப்பாரப்பட்டி நூலகத்துப் புத்தகம் இருக்கிறது. கையெழுத்து இல்லாமல் விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் மாமாவின் பென்சில் குறிகளை ரப்பரால் அழித்துவிட்டேன், வேறு யாருக்காவது பயன்படும். நீ வர வேண்டாம், மாமாவையும் அனுப்ப வேண்டாம். சிசிடிவி வாங்கித் தருவதாக அவர் சொன்னதற்கு நன்றி, அதுவும் வேண்டாம்.

பெரியவனுக்குக் கணக்கும் சின்னவளுக்குச் சளியும் சீக்கிரம் சரியாகட்டும். மாமாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம், குனிந்து செருப்பு மாட்டாமல் உட்கார்ந்து மாட்டச் சொல். உன் வீட்டுக் குக்கர் நீடூழி வாழட்டும், அதன் விசில்கள் குறையட்டும். எல்லாருக்கும் என் அன்பு.

இப்படிக்கு, குறையொன்றும் இல்லாத
உன் தங்கை
வெண்மதி

பின்குறிப்பு, பிப்ரவரி 7, சனி. ஸ்டாம்பு இல்லாததால் ஒரு வாரம் இந்தக் கடிதம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. இருந்ததே நல்லதாகப் போயிற்று. மேலே உள்ளதைப் படித்திருப்பாய். இனி இதைப் படி.

நாய் இல்லை, அக்கா. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நூற்று நாற்பத்தேழும் நான்தான். சாயங்காலம் ஆனதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த லைட்டுக்குக் கீழே போய் நிற்பேன். எரியும். படிப்பேன். அரை நிமிஷம் அசையாமல் நின்றால் மங்கிவிடும். கடைசி வரி இருட்டில் போய்விடும். நாலு அடி நடப்பேன், அல்லது கையை வீசுவேன். எரியும். ஒரு பத்தி, ஒரு நடை. நூற்று நாற்பத்தேழு என்பது என் கணக்கில் முப்பத்தெட்டுப் பக்கம். உள்ளே அறையில் டியூப்லைட் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. அதுபாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழே கால் இருக்கும். நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். போன் உள்ளே சார்ஜில். ஒரு ஆம்புலன்ஸ் நேராக வந்து என் முன்னால் நின்றது. 'பேஷண்ட் எங்கங்க மேடம்?' என்றார் டிரைவர். எந்த பேஷண்ட் என்றேன். 'கிணத்துமேட்டுத் திருப்பம்னாங்க, அங்க ஒரே இருட்டுங்க, ஒண்ணும் தெரியல. தூரத்துல இங்க பாத்தா லைட்டு மங்குது, எரியுது, மங்குது, எரியுது. யாரோ நமக்குத்தான் சிக்னல் குடுக்கறாங்கன்னு வந்தேன்.' அப்புறம் என் கையைப் பார்த்து, 'புக்குங்களா?' என்றார்.

ஓடிப்போய்ப் போனைப் பார்த்தேன். செல்லியிடமிருந்து ஏழு அழைப்பு. என்னைத் தேடி யாராவது வர மாட்டார்களா என்று வாசலில் இயந்திரத்துக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒருத்தி ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

வண்டியில் ஏறித் திருப்பத்துக்குப் போனோம். செல்லி கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருந்தாள். 'எத்தினி தடவ போனு போடறது நர்சம்மா! நூத்தி நாப்பத்தேழு பேருக்குப் பாக்குற, என் மருமவ ஒருத்திதானா கூடுதலா?' என்று கத்தினாள். பதில் சொல்ல நேரமில்லை, வலியில் துடித்த கவிப்பிரியாவை வண்டியில் ஏற்றினோம். பாப்பாரப்பட்டி தாண்டுவதற்குள் வண்டியிலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு, தாயும் சேயும் நலம். கால் மணி நேரம் அந்த இருட்டில் போயிற்று. கவிப்பிரியாவுக்கு மட்டும் வேறு மாதிரி ஆகியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குழந்தைக்கு என் பெயரை வைப்பார்கள் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாறுவாய். பிரியதர்ஷினி என்று முன்னாலேயே முடிவாகிவிட்டது.

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். ஜானகியம்மாள் இருந்தார். சென்னப்பன் டீ கொண்டுவந்திருந்தார். பேத்தி பிறந்ததைச் சொல்ல செல்லியும் வந்திருந்தாள். இதைவிட மோசமான சபை அமையாது.

'லைட்டை எடுத்துத் திருப்பத்துல வெச்சிடுங்க' என்றேன். 'அத்தினியும் நான்தாங்க.'

'எது அத்தினியும்?'

'நூத்தி நாப்பத்தேழும்.'

சென்னப்பன் டீயைக் கீழே வைத்தார். 'ஒரே ஆளு நூத்தி நாப்பத்தேழு பேரா? அம்மா, மொதல்ல ஓட்டர் லிஸ்ட்டப் பாக்கச் சொல்லுங்க.'

'நீ சும்மா இருய்யா' என்ற ஜானகியம்மாள், 'எதுக்குங்க நர்சம்மா?' என்றார்.

'படிக்கறதுக்குங்க.'

'உள்ள லைட்டு இல்லீங்களா?'

'இருக்குதுங்க.'

'அப்புறம்?'

இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்லிதான் பேசினாள். குரலே உயரவில்லை, அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

'அது ஆளப் பாத்து எரியுதில்ல? அதான்.'

யாரும் சிரிக்கவில்லை. சென்னப்பன்கூட. பிறகு செல்லி பழையபடி ஆகிவிட்டாள். 'ஏம்மா, அத்தினி நடையும் அங்கயே நடந்ததுக்கு எங்க வூட்டுப் பக்கம் நடந்திருந்தா ரெண்டு வாய் களி துன்னுட்டுப் போயிருப்பியே. நாங்க என்ன கடிச்சிடுவமா?'

'வந்தா மாத்திரை போட்டியான்னு கேப்பேன்னு ஓடிடறீங்களே?'

'நீ கேளு. நாங்க ஒளிச்சு வெக்கிறோம். அதுக்காவ வராத இருப்பியா?'

நேற்று சிவக்குமார் வந்து கம்பத்தைப் பிடுங்கித் திருப்பத்தில் நட்டுவிட்டார். என் வாசலில் இப்போது ஒரு குழி இருக்கிறது. சாயங்காலம் திருப்பத்துக்குப் போய்ப் பார்த்தேன். செல்லி வீடு பூட்டியிருந்தது. எல்லாரும் குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரியில். ஆடுகள் மூன்றும் கட்டிக் கிடந்தன. நான் மட்டும் கம்பத்துக்குக் கீழே நின்றேன். எரிந்தது. அரை நிமிஷம் பார்த்துவிட்டு மங்கியது. நான் கையை வீசவில்லை. இருட்டில் நடந்து திரும்பி வந்தேன்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: இல்லை, அக்கா. யாரும் இல்லை.

விண்ணப்பத்தை இந்தக் கவரில் தேடாதே, வைக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நீ வந்து எதிரே உட்கார். போடுவதா வேண்டாமா என்று பேசலாம். குக்கரை அங்கேயே விட்டுவிட்டு வா. பாப்பாரப்பட்டியில் ஐந்தரை டவுன் பஸ் பிடித்தால் இருட்டுவதற்கும் நீ ஊருக்குள் வருவதற்கும் சரியாக இருக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நேரே நடந்தால் திருப்பம். தூரத்திலிருந்து பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும், யாருமே இல்லாத மாதிரி இருக்கும். பயந்து நின்றுவிடாதே. கிட்டே வா, எரியும்.